கையாளுபவர் பெயர்

மார்ச் 2, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம்தான், நேற்று சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பார்த்தேன், பார்க்காத மாதிரி போய்விட்டாய். அலுவலக விஷயத்தை வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு, தம்பிக்குச் சலுகை காட்டினாள் என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் யார் கதிரியக்கப் பொருள் வாங்கினாலும் பாதுகாப்பு அதிகாரியான உன் கையெழுத்து இல்லாமல் ஆர்டர் போகாது. அதனால் படிவத்தை இணைத்திருக்கிறேன். பாஸ்பரஸ்-32, ஒரே ஒரு குப்பி. நாற்றின் வேர் அதை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று அளக்கவேண்டும். அதற்கு நாற்றுக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் வயதிருக்கவேண்டும், இரண்டு நாள் கூடினாலும் குப்பைதான். புதன் மதியத்துக்குள் ஆர்டர் போனால்தான் சப்ளையர் அடுத்த திங்கள் அனுப்புவார். ஏப்ரல் பத்தாம் தேதி ஆய்வுக் குழு வருகிறது. அவர்களிடம் காட்ட ஒன்றும் இல்லையென்றால் லேபைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கையாளுபவர் என்ற கட்டத்தில் வழக்கம்போல் என் மனைவியின் பெயர். எங்கள் லேபில் கை நடுங்காத ஆள் அவள் ஒருத்திதான் என்பது உனக்கே தெரியும்.

அன்புத் தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். மைக்ரோ என்று எழுதவேண்டிய இடத்தில் மில்லி என்று எழுதியிருக்கிறாய். ஆயிரம் மடங்கு. அதை அப்படியே அனுப்பியிருந்தால் உன்னையும் என்னையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு பேராசிரியர் செய்கிற வேலையா இது?

இன்னொன்று. நான் இடமாற்றம் கேட்க யோசிக்கிறேன் என்று உன் ஒருத்தனிடம்தான் சொன்னேன். மறுநாள் காலையில் வாசல் காவலாளி, "எப்பம்மா கிளம்புறீங்க?" என்று கேட்கிறார். உன் வாயில் ஒரு விஷயத்தைப் போடுவதும் ஒலிபெருக்கியில் போடுவதும் ஒன்றுதான். அதனால்தான் சைக்கிள் நிறுத்தத்தில் உன்னைப் பார்க்கவில்லை.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

மில்லி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். முதல் தட்டு நாற்று முற்றிப்போய் குப்பைக்குப் போனது. திருத்திய படிவம் இதோ. ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். காலியான பெட்டியில் அபாயக் குறியை அழித்துவிட்டுத்தான் எறிவேன் என்றுகூட நீ கேட்காமலே எழுதியிருக்கிறேன்.

காவலாளியிடம் நானாகப் போய்ச் சொல்லவில்லை. அவர் உன்னை விசாரித்தார், பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

இவளும் இந்த வாரம் எதிலும் மனசில்லாமல் இருக்கிறாள். சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். உன் படிவத்தால் எங்கள் வீடே இப்படி ஆகிவிட்டது, பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து நீல மையில் இருக்கவேண்டும். நீ கறுப்பில் போட்டிருக்கிறாய்.

அதோடு, கையாளுபவர் கட்டத்தில் வேறு பெயர் போடு. பயிற்சிச் சான்றிதழ் உனக்கும் இருக்கிறது, இன்னும் காலாவதியாகவில்லை. காரணம் கேட்காதே.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

நீல மை! இரண்டாம் தட்டு நாற்றும் போயிற்று, நீல மைக்காக. தாவரவியல் துறைத் தலைவர் பென்சிலில் கிறுக்கி அனுப்புவதற்கெல்லாம் முத்திரை குத்துகிறாய். கூடப்பிறந்தவன் என்றால் மட்டும் உனக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது.

ஆனால் மையல்ல என் கோபம். என் மனைவியின் பெயரை எடு என்று எந்த வாயால் சொல்கிறாய்? எட்டு வருஷமாக ஒரு சொட்டு சிந்தாமல் இந்த வேலையைச் செய்கிறவள் அவள். கதிர்வீச்சை அளக்க விரலில் போடுகிற அளவி மோதிரத்தை லேபுக்குள் ஒரு நொடிகூடக் கழற்றாத அளவுக்கு ஒழுங்கு. அவளிடமே கேட்டேன், "அக்கா உன் பேரை வேண்டாங்கிறா, உங்களுக்குள்ள என்ன தகராறு?" என்று. "தகராறெல்லாம் ஒண்ணுமில்ல. அவங்க சொல்ற மாதிரியே பேரை மாத்திடுங்களேன்" என்று சொல்லிவிட்டுக் குடுவை கழுவப் போய்விட்டாள். பாவம், உன்னோடு மல்லுக்கட்ட முடியாமல் விட்டுக்கொடுக்கிறாள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என்னால் அந்த வேலை ஆகாது. பிப்பெட்டைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு தட்டு நாற்றுதான் மிச்சம். திங்கட்கிழமைக்குள் நீ காரணம் சொல்லவில்லையென்றால் பதிவாளருக்குப் புகார் எழுதுவேன். அதற்கப்புறம் நீ எனக்கு வெறும் பாதுகாப்பு அதிகாரி மட்டும்தான்.

(பெயர் எழுதக்கூட மனமில்லை)


மார்ச் 13

தம்பி,

நீல மை விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் பதினொரு வருஷத்தில் அதற்காக நான் ஒரு படிவத்தையும் திருப்பியதில்லை. நாள் கடத்தத்தான் அப்படிச் செய்தேன், அது தப்பு. புகாரில் இதையும் சேர்த்து எழுது, நான் மறுக்க மாட்டேன். காரணத்தை மட்டும் என்னால் சொல்ல முடியாது. அதைச் சொல்லவேண்டியது நானல்ல.

எழுதுவதற்கு முன் ஒன்று செய். நாளைக்கு அவளோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடு. அவள் பேசினால் நீ குறுக்கே பேசாமல் கேள். பிறந்ததிலிருந்து உனக்கு வராத வேலைதான், தெரியும். எனக்காக ஒரு நாள் முயற்சி செய்.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

புகார் எழுதவில்லை. படிவம் இணைத்திருக்கிறேன், நீல மையில். கையாளுபவர் நான்தான்.

நீ சொன்ன மாதிரியே சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அரை மணி நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். ஐந்தாம் தேதி உன் அலுவலகத்துக்கு வந்து, நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாளாம். அப்படிக் கொடுத்தால் நீ அதை உறையில் ஒட்டிப் பூட்டி வைப்பாய், அவள் சம்மதம் இல்லாமல் லேப் தலைவனுக்குக்கூடச் சொல்லமாட்டாய் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உன்னிடம் சொல்லிவிட்டு என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன், மறைக்கவில்லை.

"முன்னாடி ரெண்டு தடவையும் நீங்க நாப்பது பேர்கிட்ட சொன்னீங்க. கலைஞ்சப்புறம் அந்த நாப்பது பேருக்கும் நான்தான் பதில் சொன்னேன்" என்றாள்.

அப்போது கலைந்ததற்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவளை யார் யார் நிறுத்தி விசாரித்தார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. சந்தோஷத்தைச் சொன்னது நான், துக்கத்தைச் சுமந்தது அவள். வெட்கமாக இருக்கிறது அக்கா.

நேற்று வெறும் தண்ணீரை வைத்து ஒத்திகை பார்த்தேன். நான் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க, அவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "முழங்கையை மேசைமேல வைங்க, அது மேசைதானே, கடிக்காது" என்று அதட்டினாள். நான்காவது தடவை சிந்தவில்லை. "பெயர் மாற்றத்துக்கான காரணம்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதற்காகத் திருப்பி அனுப்புவதென்றால் அனுப்பிக்கொள்.

இதை அலுவலகத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவந்து உன் கையில் தருவேன். காலையில் காவலாளி, "என்ன சார், முகமெல்லாம் சிரிப்பா இருக்கு?" என்று பிடித்துக்கொண்டார். வாய்வரை வந்துவிட்டது. "நாத்து நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு நாளாக ஒரு ஆளிடம் சொல்லவில்லை. நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கிறது.

அக்கா, நீ அத்தை ஆகப்போகிறாய். எனக்கு முன்பே உனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே ஒருத்தரிடமாவது நான் சொல்லவேண்டாமா?

உன் தம்பி