படிக்கிறவங்களுக்கு

மார்ச் 4, செவ்வாய்

கருத்துப் படிவத்தை நூறு பேருக்கு அனுப்பினால் நாலு பேர்தான் நிரப்புகிறார்கள். எங்கள் மேலாளருக்கு அலுவலகம் வைத்திருக்கும் பெயர் ‘சதவீதம்’. அவருக்கு மட்டும் அது தெரியாது. இன்றைய கூட்டத்தில் என் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். “வீட்டுல ஆக்சிஜன் மெஷின் வெச்சுக்கிட்டு ஒரு குடும்பம் தவிச்சிட்டிருக்கும். அவங்ககிட்ட போய் ‘சேவையின் தரத்தை மதிப்பிடுக’ன்னு பரீட்சை வைக்கிறோம். மனசைத் தொடணும்.”

பரீட்சை வைத்தது நான்தான். வாடகைக்கு மெஷின் எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் திங்கள்தோறும் போகும் கேள்விகளை ஒன்பது வருடமாக நான்தான் எழுதுகிறேன்.

ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தட்டைப் பார்த்துவிட்டு, “அஞ்சுக்கு மூணு. மனசைத் தொடல” என்றார்.

மார்ச் 6, வியாழன்

பதினான்கு கேள்விகளையும் அடித்துவிட்டேன். இப்போது ஒரே கேள்விதான்: ‘இந்த வாரம் உங்களுக்கு எப்படிப் போனது?’ கீழே ஒரு காலிக் கட்டம். அதற்கும் கீழே: ‘பெயர், எண் எதுவும் வேண்டாம். நீங்கள் யார் என்று தேட மாட்டோம். நீங்கள் எழுதுவதை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார்.’ கடைசியில், வேண்டுமானால் ஐந்துக்கு எவ்வளவு என்று ஒரு மதிப்பெண்.

கம்ப்யூட்டர் பிரிவுப் பெண்ணிடம் போய், யார் அனுப்பியது என்ற தகவலையே சேமிக்கக் கூடாது என்றேன். “நிச்சயமாவா அக்கா?” என்றாள். பெயர் தெரியாது என்றால்தான் மனிதர்கள் மனதைத் திறப்பார்கள் என்று அவளுக்குப் பாடமே எடுத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

முப்பத்தெட்டு சதவீதம் பேர் எழுதியிருக்கிறார்கள். ‘சதவீதம்’ என் மேசைக்கே வந்து கைகுலுக்கினார்.

மார்ச் 12, புதன்

படித்துக்கொண்டே இருக்கிறேன். ‘இவர் தூங்குவதில்லை, அதனால் நானும் இல்லை.’ ‘மெஷின் சத்தத்தில் குழந்தை படிக்க மாட்டேன் என்கிறது.’ ஒருவர் வெறும் புள்ளிகளாக அடித்து அனுப்பியிருக்கிறார்.

ஒன்று மட்டும் கடிதம் மாதிரி இருந்தது. ‘படிக்கிறவங்களுக்கு வணக்கம். அம்மாவுக்கு மெஷின் வெச்சு ஏழு மாசம் ஆகுது. நாலஞ்சு நாளா காத்து கம்மியா வர்ற மாதிரி இருக்கு. உங்க ஆள் வந்து பார்த்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எனக்குத்தான் பிரமையோ என்னவோ. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு.’

சேவைப் பிரிவுக்கு அனுப்பிவைத்தேன். வேறென்ன செய்வது?

மார்ச் 18, செவ்வாய்

மறுபடியும் அந்தக் கடிதக்காரர், மகளாகத்தான் இருக்க வேண்டும். ‘படிக்கிறவங்களுக்கு வணக்கம். போன வாரம் எழுதினேன். யாரும் வரல. போன் பண்ணினா பாட்டுதான் போடுறாங்க. நீங்க படிக்கிறீங்கன்னு போட்டிருக்கே, அதனால இனிமே போன் பண்ணல, இங்கயே எழுதிடறேன். அம்மாவோட உதடு கொஞ்சம் நீலமா தெரியுது.’

போன் பண்ணல என்கிறாள். என்னை நம்பி போன் பண்ணாமல் இருக்கிறாள்.

கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினேன். அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். எண் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் காலி. “நீங்கதான் அக்கா வேண்டாம்னு சொன்னீங்க.” சேவைப் பிரிவில், “வாடிக்கையாளர் எண் இல்லாம யார் வீட்டுக்குன்னு ஆள் அனுப்பறது? பார்த்துட்டு சரியா இருக்குன்னு வந்த வீட்டையெல்லாம் நாங்க குறிச்சு வைக்கிறதில்ல” என்றார்கள். நியாயம்தான். எல்லாமே நியாயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

படிவத்தின் மேலே அவசர எண் ஒன்றைப் போடலாம் என்று கேட்டேன். “அப்போ அது புகார்ப் படிவம் ஆயிடுமே. இப்பத்தான் மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சிருக்காங்க” என்றார் ‘சதவீதம்’. நீல உதட்டைப் பற்றிச் சொன்னேன். முகம் வாடித்தான் போனது அவருக்கு. “கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நாம டாக்டர் இல்லையேம்மா.”

மார்ச் 21, வெள்ளி

ஏழு மாதத்துக்கு முன் மெஷின் எடுத்தவர்கள் அறுபத்து மூன்று பேர். மெக்கானிக் அண்ணன் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். தேட மாட்டோம் என்று எழுதிய நானே தேடினேன். சாப்பிடப் போகாமல் மதியம் முழுக்கப் போன். ஐம்பத்தைந்து பேர் எடுத்தார்கள், யாரும் அவள் இல்லை. ஒருவர், “எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க, நீ யாரு?” என்று சத்தம் போட்டார். எட்டுப் பேர் எடுக்கவே இல்லை. அந்த எட்டு எண்களுக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

மார்ச் 24, திங்கள்

யாரிடமும் கேட்கவில்லை. படிவத்தின் உச்சியில் என் சொந்த எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டேன். ‘காற்று குறைகிறதா? எழுத வேண்டாம். என்னைக் கூப்பிடுங்கள்.’

பத்தரை மணிக்குத் தொடங்கியது. மாலைக்குள் நூற்றுப் பதினேழு அழைப்புகள். குழாயை எப்படிக் கழுவுவது என்று ஒருவர். கரண்ட் போனால் என்ன செய்வது என்று நிறையப் பேர். ஒரு அம்மாள் எதுவும் கேட்கவில்லை, அழுதுவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் கூப்பிடவில்லை.

மார்ச் 26, புதன்

‘படிக்கிறவங்களுக்கு. ஞாயித்துக்கிழமை காலைல அம்மா போயிட்டாங்க. நேத்து வந்து மெஷினை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்பத்தான் இதைத் திறந்து பார்த்தேன், நம்பர் போட்டிருக்கீங்க. இனிமே கூப்பிட்டு என்ன சொல்றது? ஆனா யாருமே கேக்காதப்ப நீங்க ஒருத்தர்தான் எப்படி இருக்கேன்னு கேட்டீங்க. நன்றி.’

மதிப்பெண்: 5.

இரண்டு நாள். இரண்டே இரண்டு நாள் முன்னால் அனுப்பியிருந்தால்—

மார்ச் 27, வியாழன்

திரும்பி வந்த மெஷின்களின் பதிவேட்டைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வந்ததில், ஏழு மாத வாடகை ஒன்றுதான். என் பட்டியலில் இருந்த எண். கோடு போட்ட எட்டில் ஒன்று.

மெக்கானிக் அண்ணன் அந்த மெஷினைத் திறந்து காட்டினார். காற்று வடிகட்டி கறுத்துப்போயிருந்தது. “இதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. இதனால இல்லன்னும் சொல்ல முடியாது” என்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 28, வெள்ளி

கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாதோ?

“நான்... நீங்க எழுதினதைப் படிக்கிறவ.”

“பொம்பளையா நீங்க? யாரோ பெரியவர்னு நெனச்சிருந்தேன்” என்றாள். குரலில் கோபமே இல்லை. போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டதைச் சொன்னேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாளாம். தெரியாத எண், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறாள்.

“நான் எழுதினது எல்லாத்தையும் படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“அப்புறம் ஏன் யாரும் வரல?”

பெயர் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். மன்னிச்சிடுங்க என்று மட்டும்தான் வந்தது. “சரிங்க” என்றாள். வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 31, திங்கள்

வரவேற்பறைச் சுவரில் புதுப் பலகை. பெரிய எழுத்தில்: ‘யாருமே கேக்காதப்ப நீங்க கேட்டீங்க.’ எடுத்துவிடச் சொன்னேன். “பேர் இல்லையே. யாருக்கு என்ன கஷ்டம்?” என்றார் ‘சதவீதம்’. எல்லாக் கிளைகளிலும் அதே படிவம்தானாம். எழுத்துக்கு எழுத்து என்னுடையது, என் எண் மட்டும் இல்லாமல்.

அனுமதியின்றி எண் கொடுத்ததற்கு ஒரு கடிதமும் வந்தது. படிவ வேலை இனி எனக்கு இல்லை. நாளையிலிருந்து தொலைபேசிப் பிரிவு.

ஏப்ரல் 1, செவ்வாய்

“விட்டது தொல்லை” என்றார் வீட்டுக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே பாத்திரங்களைக் கழுவினார்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று நாற்பத்தொரு அழைப்புகள். ஒன்றுக்கு நாலு நிமிடம்தான் என்பது விதி. யார் கூப்பிட்டாலும் முதலில் பெயர், வீட்டு எண், தெரு.

மூன்று மணிக்கு ஒரு பெரியவர். மனைவியின் மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறதாம். மாற்று சிலிண்டரை எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுத்தேன், திறந்தார். மெக்கானிக்குகள் எல்லாரும் வெளியே போயிருக்கிறார்கள். ஆறு மணிக்கு முன்னால் ஆள் வர முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

“ஆறு மணியா?”

“ஆமாங்க.”

“சரிம்மா” என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நாலு நிமிடம் முடிந்து என் திரை மினுக்க ஆரம்பித்தது. அந்தப் பக்கம் அவர் மனைவி மூச்சு விடுவது கேட்டது. நானும் வைக்கவில்லை.