ஃபுல்லர் என்றே எழுது

எம்மன்புரூக்கே
12.05.2016

அன்புள்ள மகள் சிவானுஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

உடம்பைப் பொறுத்தவரை எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் ஆடமும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். போனில் கதைக்கலாம்தான், ஆனால் பென்சன் எடுத்த பிறகு அப்பா முழுநாளும் ஹோலுக்குள்ளேயே இருக்கிறார், உன் பேர் காதில் விழுந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். இங்கே இன்னும் குளிர் விடவில்லை, பல்கனியில் வைத்த மிளகாய்க் கன்றெல்லாம் கருகிப்போயின. உனக்கு இருமல் நின்றதா, இங்கிலாந்தில் நோர்விச் பக்கம் ஈரம் கூட என்று சொன்னாய், மல்லித்தண்ணி அவித்துக் குடி, மருந்துக்கடைச் சிரப்பை நம்பாதே.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கலியாணத்துக்குப் பிறகு ஆடமின் ஃபுல்லர் என்ற குடும்பப் பேரை எடுக்காமல், இங்கே தங்கியிருக்கிற பெர்மிட்டுக்குக் குடும்பப் பேர் கேட்டபோது உனக்கு எழுதிய அப்பாவின் பேரையே வைத்திருந்தால் அப்பா கலியாணத்துக்கு வருவாரா என்று கேட்டாய். கேட்டுப் பார்த்தேன். அப்பிடியெண்டால் வாறன் என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை மகள். தைப்பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வருமுன் இதே மனுஷன்தான், வெள்ளைக்காரனுக்கு ஏதடி சாதி என்று பெருமை பேசி அட்லிஸ்வில் கோயிலில் கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தவர். நிச்சயம் பேசக் குகநாதன் பெரியப்பாவைக் கூப்பிட்டதும் அவர்தான். பெரியப்பா யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையை விசாரிப்பது மாதிரியே, தம்பியின்ரை ஆக்கள் பரம்பரையாய் என்ன செய்யிறவை என்று கேட்டார். ஆடமுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, பாவம், தன் வீட்டுக் கதையை ஒருவர் ஆசையாகக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தறியிலிருந்து வந்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, களிமண்ணும் புளித்த மூத்திரமும் விட்டு, காலால் மிதித்து எண்ணெயும் அழுக்கும் போக்கித் துணியைத் தடிப்பாக்குகிறவனுக்குத்தான் ஃபுல்லர் என்று பேர், அதே வேலைக்காரனை வடக்கில் வோக்கர், மேற்கில் டக்கர் என்பார்கள், பிறகு ஆற்றுத் தண்ணீரில் ஓடும் ஆலை வந்து மரச் சம்மட்டிகள் அந்த வேலையைச் செய்தன, மிதித்தவன் போய்விட்டான், பேர் மட்டும் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது, என் தாத்தா பஸ் ஓட்டினார், அப்பா தபால் கொடுக்கிறார், ஆனாலும் நாங்கள் ஃபுல்லர்தான் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னான். எழும்பி நின்று மிதித்தும் காட்டினான். நீயும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாய். பாவி மகளே, அந்த மூத்திரத்தையாவது விட்டிருக்கலாம்.

பெரியப்பா வடைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை நனைக்காமல் எழும்பினார். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, எங்கடை கலியாண வீட்டிலை வெள்ளை கட்ட வாற ஆக்களுக்கோ பொம்பிளை குடுக்கப் போறாய் என்று அப்பாவைக் கேட்டார். ஊரில் உடுப்பு வெளுத்தவர்களும் இங்கிலாந்தில் கம்பளி மிதித்தவனும் அவருக்கு ஒன்றுதான், நடுவில் கிடக்கிற எழுநூறு வருடமும் கடலும் அவருக்குப் போதவில்லை. அன்றைக்குக் குனிந்த அப்பாவின் தலை இன்னும் நிமிரவில்லை.

போன கிழமை எனக்கும் பொறுமை போய்விட்டது. நீங்கள் பென்சன் எடுக்குமட்டும் லுட்சேர்ன் ஆஸ்பத்திரியிலை என்ன வேலை செய்தனீங்கள், இரத்தம் பட்ட படுக்கை விரிப்பெல்லாம் தோய்க்கிற மெசினுக்குள்ளை தள்ளினது ஆர், இந்த நாட்டிலை தொழிலைப் பாத்துப் பேர் வைச்சால் உங்களுக்கும் அந்தப் பேர்தானே என்று கேட்டேன். அது வேலையடி, இது பிறப்பு என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வெளியே மழை என்று சொல்வது மாதிரிச் சொன்னார். அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விட்டுப்போனது. கத்தியிருந்தால் என்றைக்காவது மாறுவார் என்று நினைத்திருப்பேன்.

அதனால் சொல்கிறேன், அவர் வருவார் என்பதற்காக அவர் பேரை வைத்திருக்காதே. வந்து ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போவார், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் ஃபுல்லர் என்ற பேர் வேண்டாம் என்பார், பெரியப்பா வருகிற நாளில் அந்தப் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தச் சொல்வார். அவர் வராவிட்டால் நான் மட்டுமாவது வருவேன் என்றும் பார்த்திருக்காதே. போறதெண்டால் அங்கேயே இரு என்றுவிட்டார். இந்த நாட்டு டொச் பாஷையும் ஒழுங்காகத் தெரியாமல் இந்த வயதில் தனியே நான் எங்கே போக, பயம்தான் மகள், வேறொன்றுமில்லை. ஆனி மாதம் நீ மணவறையில் இருக்கிறபோது பக்கத்தில் பெற்றவள் இல்லை என்று நினைத்தால் சோறு இறங்குதில்லை. என் கலியாணக் கூறையைப் பார்சலில் அனுப்புகிறேன், பழைய பட்டு, ஆடம் மிதிக்காமல் பார்த்துக்கொள்.

என் கை எட்டாத தூரம்தான், ஆனாலும் உங்கள் இருவர் தலையிலும் அது இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கலியாணம் முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடு. கவரின் பின்பக்கம் சிவானுஜா ஃபுல்லர் என்று பெரிதாக எழுது. கீழே தபால் பெட்டியைத் திறக்கிறது அப்பாதான். மேலே வீட்டுக்கு வந்து சேருமட்டும் அந்தப் பேரை அவர் கையில் வைத்திருக்கத்தானே வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
தில்லைநாயகி