கழுவி வெளுத்த கற்கள்

மாத்தளை,
வெள்ளிக்கிழமை.

றிஸ்கானின் வாப்பாவுக்கு மஸீனா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் அம்றாவும் அல்லாஹ்வின் கிருபையால் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுத எனக்குப் பேனை ஓடவில்லை.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். மகனுடைய பேரை எடுத்தவுடன் லைன் கிளியரில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கத்தாருக்கும் மாத்தளைக்கும் நடுவே அவனுடைய பேருக்கு மட்டும் லைன் அறுந்துபோகிறதாக்கும். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ரிஸ்வியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நடுவில் மடித்து வைத்தாலும் பரவாயில்லை, எப்போது பிரித்தாலும் நான் சொன்னது அங்கேயே இருக்கும்.

மீன் தொட்டியை விற்றுவிடச் சொல்லி மெசேஜ் போட்டிருந்தீர்கள். இந்த முறை லீவும் வேண்டாம், வேலையை இன்னும் இரண்டு வருடம் நீடித்துக்கொள்ளப் போகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மழையில் பைக் சறுக்கி நம் பிள்ளை போன அன்றைக்கே, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டோம். உங்களுக்கு டிக்கெட் கிடைத்தது மறுநாளைக்கு. இனி வந்து யாரைப் பார்க்க என்று நீங்கள் அங்கேயே இருந்துவிட்டீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. மையித்து முகத்தைப் பார்த்த எனக்கே அவன் போனது இன்னும் உறைக்கவில்லை. பார்க்காத உங்களுக்கு எப்படி உறைக்கும்?

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஹோலில் பாதியை அடைத்துக்கொண்டு அவன் அதை வைத்தபோது, தண்ணீரைச் சுத்தமாக்கும் பில்டருக்காக நீங்கள் இருவரும் எத்தனை நாள் மல்லுக்கட்டினீர்கள்! பூட்டிய வாளி மாதிரி இருக்குமே, அந்தக் கனிஸ்டர்தான் நல்லது என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். கரண்ட் போனால் அதற்குள்ளே காற்றில்லாமல் எல்லாம் அழுகிப்போகும் வாப்பா, நம்ம ஊருக்குக் கீழ்த்தொட்டிதான் சரி என்று அவன் சொன்னான். கடைசியில் அவன்தான் வென்றான். நீங்களும் தோற்றதைக் காட்டிக்கொள்ளாமல், அதற்கு ஏற்ற மோட்டரை நானே அனுப்புகிறேன் என்று பெரிய மனிதராகிவிட்டீர்கள். வேலை முடிந்து அந்தத் தொட்டியைப் போனில் பார்த்துக்கொண்டேதான் சோறு தின்பீர்கள். எங்களைக் கூட அப்படிப் பார்த்ததில்லை.

மேலே இருந்து வழியும் தண்ணீர் கீழ்த்தொட்டியில் பஞ்சு, ஸ்பொன்ஜ், கல் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, உங்கள் மோட்டர் வழியாக மேலே ஏறும். பஞ்சை மட்டும் வாராவாரம் அலசுவான். ஸ்பொன்ஜைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிவான். கல்லைத் தொடவே மாட்டான். மண்ணிறமாகப் படிந்திருப்பதைப் பார்த்து எனக்குக் கை அரிக்கும். உம்மா, அது ஊத்தையில்ல, மீனுட நஞ்சைத் தின்னுற உசிரு, பைப் தண்ணி பட்டாலே செத்துரும் என்பான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு முதல் நாள் உங்கள் மூத்த சகோதரி ஸஜீதா மைனி வந்தார். ஆட்களைச் சேர்த்து வீடு முழுக்கத் தேய்த்துக் கழுவினார். நான் அறையில் எழும்ப முடியாமல் படுத்திருந்தேன். மௌலவி வந்து ஹோலில் இருந்து ஓதப்போகிறார், மகனுக்காக யாசீன் ஓதும் இடத்தில் இவ்வளவு ஊத்தையா என்று கீழ்த்தொட்டியைத் திறந்து, ஸ்பொன்ஜ், கல் ஒன்று விடாமல் ப்ளீச் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பவும் அழகாக அடுக்கிவிட்டார். எழுந்து வந்து பார்க்கிறேன், கற்கள் பால்பல் மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன. வந்தவர்களெல்லாம் வீடு எவ்வளவு சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கத்தம் முடிந்த கையோடு தண்ணீர் சோற்றுக்கஞ்சி போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒவ்வொன்றாகச் செத்தன. அண்ணன் மையித்தாய் வந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்றா, செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவே கேட்கக் கதறினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைனிக்குப் போன் எடுத்து, என் பிள்ளையை இரண்டாம் தரமும் கொன்றுவிட்டீர்கள் என்று கத்திவிட்டேன். அவர், அவனுக்காகத்தானே புள்ள கழுவினேன் என்று அழுதார். அன்றிலிருந்து நம் வாசலை மிதிக்கவில்லை.

நான்தான் இனி அவர் வீட்டுக்குப் போக வேண்டும். போவேன். இன்னும் கால் வரவில்லை.

இரத்தோட்டையில் நிரஞ்சனி என்று ஒரு டீச்சர் இருக்கிறார். அவருடைய பாலர் பள்ளிக்குத் தொட்டி வைத்துக் கொடுத்தது நம் மகன்தான். அம்றா அண்ணனுடைய போனில் நம்பரைத் தேடி அவரிடம் சொல்லியிருக்கிறாள். பாதித் தண்ணீரை மாற்றுங்க, தீனி போடாதீங்க, நான் வாறேன் என்று சொன்னவர், பஸ் பிடித்து மடியில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியோடு வந்து இறங்கினார். அதற்குள் தண்ணீரில் மூழ்கியபடி மண்ணிறமான ஒரு ஸ்பொன்ஜ் துண்டு. அன்ட்டி, இது உங்க வீட்டுதுதான், என் தொட்டி வைக்கிறப்போ றிஸ்கான் இங்கருந்து வெட்டிக் கொண்டாந்து போட்டுக் கொடுத்தாரு, அப்படியே வச்சிருந்தேன் என்றார்.

அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். குளத்துச் சேற்று வாசம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கையில் அடிக்கும் அதே வாசம். கையைக் கழுவிட்டு வாடா என்று எத்தனை தரம் விரட்டியிருக்கிறேன்! அவனுடைய சட்டைகளை மைனி துவைத்து மடித்து வைத்துவிட்டார், தலையணையில்கூட வாசம் இல்லை. உலகத்தில் என் பிள்ளையின் கை வைத்து உயிரோடு மிச்சம் இருந்தது அந்த ஊத்தை ஒன்றுதான். அந்த டீச்சருக்கு முன்னால் வெட்கமில்லாமல் அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

டீச்சர் அந்தத் துண்டைக் கீழ்த்தொட்டியில் கற்களுக்கு நடுவே வைத்துவிட்டுப் போனார். இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டது. கறுப்பு ஏஞ்சல் மீன் மட்டும் பிழைத்திருக்கிறது. வெள்ளைக் கல்லில் மெல்ல மெல்ல மண்ணிறம் ஏறுகிறது. தொட்டியை வாங்கக் கண்டியிலிருந்து ஒருவர் வந்தார், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். கோபப்படுவதென்றால் படுங்கள். நான் விற்க மாட்டேன்.

ஒரு கஷ்டம் மட்டும் இருக்கிறது. தண்ணீர் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே குழாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழே வாளியைப் பார்த்துப் போதும் என்று சொல்ல வேண்டும். அவன் மேலே நிற்பான், நான் கீழே இருப்பேன். அம்றா பள்ளிக்குப் போன பிறகு நான் ஒருத்தியே இரண்டையும் செய்கிறேன். போன வாரம் மேலே குழாயைப் பிடித்தபடி நின்றேன், வாளி நிறைந்து ஹோல் முழுக்கத் தண்ணீர். நான் பாட்டுக்கு நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். போதும் மஸீனா என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் லீவுக்கு எழுதிக் கொடுங்கள். முதலில் மகனுடைய கபுறடிக்குப் போவோம். பிறகு வீட்டுக்கு வந்து நீங்கள் குழாயைப் பிடியுங்கள், நான் வாளியோடு கீழே இருக்கிறேன். அல்லாஹ் உங்கள் நெஞ்சுக்கு ஆறுதலைத் தந்து, பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வரவுக்கு துஆ செய்யும்,
றிஸ்கானின் உம்மா,
மஸீனா.