படி இல்லாத வாசல்

பவானி அம்மன் துணை

கும்மிடிப்பூண்டி
ஆனி மாதம், 1974

அன்பு மகன் தேசப்பனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கைகால் ஓடுகிறது, பெரியபாளையத்து அம்மாள் புண்ணியத்தில் அதற்குக் குறையில்லை. பிலாயில் நீயும் குணசுந்தரியும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே வெயில் கொளுத்துமாமே, வேலைக்குப் போகும்போது தலையில் துண்டு போட்டுக்கொள், மோர் குடி. உங்க நைனா போன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது, அதனால் கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரியில் கஞ்சி காய்ச்சுகிற வேலைக்குப் போகிறேன். அழுகை வரத்தான் வருகிறது, யாராவது பார்த்தால் அடுப்புப் புகை என்று சொல்லிவிடுகிறேன்.

நீ நைனா காரியத்துக்கு வந்திருந்தபோது கிரேஸ் சிஸ்டருக்கு பிளான் வரைந்து கொடுத்தாயே, இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் கைவிட்டவர்கள் கடைசி வரைக்கும் அமைதியாக இருக்க ஓர் அறை, அது கட்டி முடிந்துவிட்டது. துளசிராமன் மேஸ்திரி நீ சொன்ன மாதிரியே ஜன்னலைத் தாழ்த்தி வைத்தார், படுத்திருக்கிறவர் தலையைத் தூக்காமலே புங்கமரமும் அதற்கு அந்தண்டை ரயில் பாதையும் தெரிகிறது. சுண்ணாம்பில் கொஞ்சம் காவி கலந்து அடித்ததால் கண் கூசவில்லை. வேலை முடிந்த அன்று யாரும் இல்லாதபோது நான் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். கூடூர் பாசஞ்சர் போனது, புங்க இலை ஆடியது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் உங்க நைனா கண்ணுக்கு எதிரே ஒரு பச்சைச் சுவர்தான், வெளியே பகலா ராத்திரியா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். அதை நினைத்துப் படுத்தபடியே அழுதேன், பிறகு எழுந்து விரிப்பைச் சரி பண்ணினேன்.

ஆனால் அந்த அறைக்கு ஓர் ஆளும் வரவில்லை கண்ணு. தெற்கே அகலமாகக் கதவு வைத்து, படி கட்டாமல் சரிவாகத் தரை போடச் சொல்லியிருந்தாய், சாயங்காலம் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் காற்று வாங்க விடலாம் என்று. நம்ம ஜனங்களுக்கு அது வேறு மாதிரி பட்டுவிட்டது. எமன் திசையில் கதவு, அதற்குப் படியும் கிடையாது என்றால் எதற்கு? ஆகாத நட்சத்திரத்தில் ஆள் செத்தால் வாசல் வழியாக எடுக்காமல் சுவரை இடித்து எடுப்பார்களே, அதற்கு இப்போதே வழி விட்டுக் கட்டிவிட்டார்கள் என்று பேச்சு. டீக்கடைக்காரர் அதற்குப் பொண வாசல் என்று பெயரே வைத்துவிட்டார்.

உங்க நைனாவோடு ரைஸ்மில்லுக்கு மாட்டுவண்டி ஓட்டினாரே செங்கல்வராயன் மாமா, அவருக்கு வயிற்றில் கட்டி. பட்டணத்தில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் இருப்பது குடக்கூலி வீடு. வீட்டுக்காரர், மாமா பெண்சாதி பச்சையம்மா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பா நெனச்சிக்காதம்மா, சாவு வுழுந்த ஊடுன்னா அப்புறம் எவன் குடித்தனம் வருவான், வேற எடம் பாத்துக்கோ என்றாராம். நான்தான் இங்கே வரச் சொன்னேன். வந்து நின்ற வண்டியில் வைக்கோல் மேலே படுத்தபடியே மாமா அந்தச் சரிவைப் பார்த்தார். இன்னா குப்பு, நான் உள்ள போறதுக்கு முன்னாடியே வெளிய தள்றதுக்கு வழி போட்டு வச்சிக்கிறீங்க, நல்லா வழவழன்னு வேற பூசிக்கிறீங்க என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் இறங்கமாட்டேன் என்றுவிட்டார். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வண்டி திரும்பிப் போனது. போய்ச் சேர அவர்களுக்கு இடமே இல்லை என்பது எனக்கல்லவா தெரியும்.

அன்றைக்கே மேஸ்திரி, பேஜாரே வேணாம்மா, கல்லு வச்சி மூடிட்றேன் என்று கிளம்பிவிட்டார். சிஸ்டர் உனக்கு எழுதிக் கேட்கலாம் என்றார்கள். மூடிவிட்டால் மரத்தடி ஏது, காற்று ஏது, கொஞ்சம் பொறுங்கள், முதலில் புதுமனை புகுவோம் என்றேன் நான். ஆஸ்பத்திரிக்கு அதெல்லாம் எதற்கு என்று சிரித்தார்களே தவிர சிஸ்டர் தடுக்கவில்லை. நம்ம செவலைப் பசுவையும் கன்றையும் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். முன்வாசல் வழியாகத்தான் ஏற்றப் பார்த்தேன், அங்கே படிகள் உயரம். பசு முதல் படியை மோந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டது. மேஸ்திரி வாலை முறுக்கினார், சாணி போட்டதுதான் மிச்சம், வேடிக்கை பார்த்த கூட்டம் சிரியோ சிரி என்று சிரித்தது. அதற்குள் கன்றுக்குட்டி கயிற்றை உதறிக்கொண்டு தெற்கே ஓடி, சரிவில் ஏறி உள்ளே போய்விட்டது. பின்னாலேயே தாயும் போய்விட்டது, உள்ளே போய்க் கோமியமும் விட்டது. நான் உடனே அந்தக் கதவுக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு நிலைக்கு மஞ்சள் பூசினேன். மாடே பூந்த வாசலாச்சே, இனிமே இன்னாத்த பொண வாசலு என்று சொன்னது யார் தெரியுமா, அதே டீக்கடைக்காரர்தான்.

சேதி மாமா காதுக்குப் போனது. மாடு போன வழியில வண்டிக்காரன் போவறதுக்கு இன்னா என்று மறுநாளே வந்துவிட்டார், அதே கதவு வழியாக. வலிக்குச் சிஸ்டர் மருந்து கொடுத்தார்கள். சாயங்காலமானால் கட்டிலை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போவோம். ரோட்டில் போகிற வண்டிக்காரனை எல்லாம் படுத்தபடியே, டேய் மாட்ட அடிக்காதடா, உன்ன அடிச்சா நீ ஓடுவியா என்று அதட்டுவார். பச்சையம்மா அக்காவும் பக்கத்தில் பாய் போட்டு நன்றாகத் தூங்கினாள். போன செவ்வாய்க்கிழமை விடியலில், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே, தூக்கம் மாதிரி போய்விட்டார். எடுக்கும்போது எந்தப் பக்கம் என்று எல்லாரும் அக்கா முகத்தைப் பார்த்தார்கள். வந்த வழியிலயே போவட்டும், அவருக்குப் பழகின வழி என்றாள். ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கினார்.

பழைய பேச்சு திரும்பவும் கிளம்புமோ என்று பயந்தேன். மறுநாளே பழவேற்காட்டிலிருந்து ஒரு மீன்காரக் குடும்பத்தார் சின்னப்பொண்ணு என்கிற அம்மாளைக் கொண்டுவந்தார்கள். காத்து வர்ற கதவாண்ட போடு என்று அந்த அம்மாள் கேட்டு வாங்கிப் படுத்துக்கொண்டாள்.

பொம்பளைகளுக்குத் தனியாக இன்னோர் அறை கட்டப்போகிறார்களாம், உன்னையே வரையச் சொல்லச் சொன்னார்கள் சிஸ்டர். அதே மாதிரி வரை, படி வேண்டாம். ஒன்று மட்டும் மறக்காதே, கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு சேர்த்து ஒரு மேடை போடு, கூட இருக்கிறவர் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிற உயரத்துக்கு. பட்டணத்தில் உங்க நைனா பக்கத்தில் நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

நீயும் குணசுந்தரியும் நிறைய வருஷம் நல்லபடியாக இருக்க வேண்டும். படம் வரைந்ததும் பதிவுத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா
குப்பம்மாள்