ஏழாம் வீட்டுக்கும் எட்டாம் வீட்டுக்கும் ஒரே கூரை

அன்புள்ள அஞ்சலை அக்கா, ஏழாம் வீட்டுப் பாக்கியம் எழுதுகிறேன். நீங்கள் கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்விக்காக எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சிரம்பான் ரஹாங்கில் உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். உள்ளே வரத் துணிச்சல் இல்லை. உங்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை கேட்டுக்கு வெளியே, யாரோ நிறுத்தியிருந்த லாரிக்குப் பக்கத்தில் நின்றேன். உங்கள் மகள் வள்ளி என்னைப் பார்த்துவிட்டாள். வெயிலில் நிற்கிறேன் என்று ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தனுப்பினாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை உங்களுடையது. "நீதானே?" என்று கேட்கும் பார்வை. நாற்பது வருடமாக எனக்கு அது பழக்கம்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன் அக்கா. நம்மைப் பற்றி அந்த லயமே, வரிசை வீடு மொத்தமும், பேசியது. பேசியவர்களில் மிச்சம் இருப்பவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

செண்டாயான் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்துக்கு நான் கல்யாணமாகி வந்தபோதே முள்வேலி போட்டாகிவிட்டது. மலாயாவில் வெள்ளைக்காரன் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். காலையில் பாலுக்கு மரம் வெட்டப் போகும்போது கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு இருந்தாலும் காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோகிறாய் என்று பிடித்துக்கொள்வார்கள். நான் வந்த இரண்டாம் மாதம் எல்லாரையும் திடலில் கூட்டினார்கள். ஜீப்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையோடு சாக்குப் பை, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவர் முன்னால் நடக்க வேண்டும். பை மேலும் கீழும் அசைந்தால் அந்த ஆளை லாரியில் ஏற்றுவார்கள். அன்றைக்கு மூன்று பேருக்கு அசைந்தது.

அதற்குப் பிறகு யார் யாரோடு நிம்மதியாகப் பேசினார்கள்? பைக்குள் இருந்தது நம் தோட்டத்து ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். குழாயடியில் பக்கத்தில் குடம் வைக்கிறவள் புருஷனாக இருக்கலாம், நமக்குக் கல்யாணத்துக்குத் தேங்காய் உரித்தவனாக இருக்கலாம்.

உங்களைப் பற்றியும் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போன உங்கள் புருஷன் திரும்பவில்லை. எட்டு வயது வள்ளியோடு தனியாக இருக்கிறீர்கள். தொழிலாளர் சங்கத்தில் தீவிரமாக இருந்த உங்கள் தம்பி ஆறுமுகம், அவசரகாலம் தொடங்கிய வாரமே காணாமல் போய்விட்டார். "காட்டுக்குள்ளதான் இருக்கான், அக்காகாரிக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார்கள். ஆனாலும் வந்த முதல் நாள் எனக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்தது நீங்கள்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை நான் படித்திருந்ததால், எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவீர்கள். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த நேரம், பேய்க்காற்று அடித்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த கிழட்டு ரப்பர் மரத்தின் கிளை முறிந்து நம் கூரைமேல் விழுந்தது. என் ஏழாம் வீட்டுக்கும் உங்கள் எட்டாம் வீட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு ஒன்றுதான், அதுவும் கூரைவரை எட்டாது. கிளை சரியாக அந்தத் தடுப்புக்கு மேலே தகரத்தைக் கிழித்துவிட்டது. ஒரே ஓட்டை, இரண்டு வீட்டிலும் தண்ணீர்.

தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி வந்து அண்ணாந்து பார்த்தார். "புது லயம் கட்டி எல்லாரையும் மாத்தப் போறாங்க. இதுக்கெல்லாம் புதுத் தகரம் கிடைக்காது. இப்போதைக்கு எதையாவது வெச்சு அடைங்க லா. வேணும்னா நாளைக்கு ஆசாரியை அனுப்புறேன்" என்றார்.

நீங்கள் உடனே குறுக்கே விழுந்தீர்கள். "ஆசாரி வேணாங்கய்யா. நானே பாத்துக்கிறேன்."

அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. ஓசியில் ஆசாரி வருகிறேன் என்றால் வேண்டாம் என்பார்களா?

மறுநாள் வெயில் ஏறியதும் நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினீர்கள். கிராணி கொடுத்த கழிவு ரப்பர் சீட் இரண்டு, பிளந்து தட்டிய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று, ஒட்டுவதற்கு ஒரு மங்கு ரப்பர் பால், கிழிந்த சாக்கு. நான் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். நானும் மேலே வருகிறேன் என்றதற்கு, "வேணாம் புள்ள. ஆணி அடிச்ச வரிசையில கால் வைக்கணும், அங்கதான் கீழ கட்டை இருக்கு. உனக்குப் பழக்கமில்ல, விழுந்துடுவ" என்றீர்கள். தகரத்தின் மேல் ஓரத்தை மேற்கூரைத் தகரத்துக்கு அடியில் சொருகினீர்கள், கீழ் ஓரத்தை வெளியே விட்டீர்கள். அப்போதுதான் தண்ணீர் வழிந்து ஓடுமாம். அதன்மேல் ரப்பர் சீட்டை விரித்து, சாக்குத் துண்டுகளைப் பாலில் நனைத்து ஓரமெல்லாம் ஒட்டி, காற்றுக்குத் தூக்காமல் செங்கல் வைத்தீர்கள்.

நடுவில் நீங்கள் சுத்தியல் கேட்டதால் எடுத்துவர வீட்டுக்குள் போனேன். அண்ணாந்தேன். ஓட்டை வழியாக உங்கள் கை உள்ளே வந்தது. தடுப்புக்கு மேலே போகும் குறுக்குக் கட்டையில், என் வீட்டுப் பக்கமாக, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். உங்கள் கை அதைத் தொட்டுப் பார்த்து, இன்னும் உள்ளே தள்ளியது. பிறகுதான் தகரம் வந்து மூடியது.

நான் வெளியே வந்து சுத்தியலைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. 

அரிசியாக இருக்குமோ, மருந்தாக இருக்குமோ, துப்பாக்கி ரவையாக இருக்குமோ? எதுவாக இருந்தாலும் இருக்கிற இடம் என் வீட்டுக் கூரை. அன்றிலிருந்து உங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். நீங்கள் வேலிப் பக்கம் திரும்பினால் நானும் திரும்பினேன். திங்கட்கிழமை மறுபடியும் ஏணி போட்டீர்கள். "செங்கல் நகந்துடுச்சு புள்ள" என்றீர்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லையே அக்கா, எதற்கு ஏறினீர்கள்?

அன்று சாயங்காலம் தாங்காமல் என் புருஷன் மாணிக்கத்திடம் சொல்லிவிட்டேன். இதுதான் நான் செய்த குற்றம். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

அவர் ரப்பர் சீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். அதிகம் பேசமாட்டார். "மண்டோர்கிட்ட சொல்லிடு" என்றார். எங்கள் வேலையை மேய்க்கும் மண்டோர் மூலமாகத்தான் எதுவும் போலீஸுக்குப் போகும்.

"என்னன்னே தெரியாம எப்படிங்க சொல்றது?"

"என்னவா இருந்தா என்ன? பிடிபட்டா நம்ம ரெண்டு பேரையும்தான் உள்ள தள்ளுவான். அவளுக்குத் தம்பி காட்டுல இருக்கான். நமக்கு யார் இருக்கா?"

"ரெண்டு நாள் பொறுங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை என் மரங்களில் பால் சீக்கிரம் இறங்கிவிட்டது. உங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தேன். தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, கட்டையில் கைவிட்டு அந்தப் பொட்டலத்தை இழுத்தேன். கீழே இறங்கிப் பிரித்தேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்தான். முதல் பக்கத்தில் ஆறுமுகத்தின் அழகான கையெழுத்து. சங்கத்தில் சேர்ந்தவர்கள் பெயர், அப்பன் பெயர், வரிசை எண், பக்கத்தில் கைநாட்டு. சங்கத்தைத் தடை செய்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் பெயர் இருந்தாலே பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள் என்பதும் தெரியும். ஐம்பது அறுபது பெயர் இருக்கும். மூன்றாம் பக்கத்தில் மாணிக்கம், அப்பன் பெயர் வீராசாமி, கட்டைவிரல் ரேகை. என் மாமனார் பெயர் வீராசாமிதான். அந்தத் தோட்டத்தில் வேறு மாணிக்கம் கிடையாது.

உங்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. தம்பி "பத்திரமா வை" என்று கொடுத்தார், நீங்கள் வைத்திருந்தீர்கள். அவ்வளவுதானே அக்கா? ஊர் முழுக்க உங்களைச் சந்தேகப்பட்டபோது, அந்த ஊரின் பெயர்களை உங்கள் கூரைதான் நனையாமல் வைத்திருந்தது.

புத்தகத்தை இடுப்பில் செருகி, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டேன். அவருக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குவாளியை எடுத்துக்கொண்டேன். புகைக்கூடம் வேலிக்குள்தான், ஆனாலும் வாசலில் ஒரு மாத்தா, போலீஸ்காரன், நின்றான். மூடியைத் திறக்கச் சொன்னான். சோற்றைக் கிளறிப் பார்த்தான். மூச்சு விட்டால் இடுப்பில் இருப்பது தெரிந்துவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன். போ என்று கை காட்டினான்.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும், நான் காட்டிய இடத்தில் தன் கைநாட்டு தெரிந்தது. வியர்த்துக்கொண்டிருந்த முகம் காய்ந்துபோனது.

"இதையா சொன்னே?" என்றார். அடுப்புக் கதவைத் திறந்து புத்தகத்தை உள்ளே போட்டார். எரிந்து முடியும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல மண்டோர்கிட்ட சொல்லிட்டேன் பாக்கியம். நாளைக்கு வருவாங்க."

வந்தார்கள். புதன்கிழமை மத்தியானம், நேராக எட்டாம் வீட்டுக்கு. வேறு எந்த வீட்டையும் பார்க்கவில்லை. ஒருவன் கூரையில் ஏறி செங்கலை உருட்டி, ரப்பர் சீட்டைக் கிழித்து, தகரத்தைப் பிடுங்கிக் கீழே எறிந்தான். கட்டைமேல் கைவிட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை என்றான்.

அந்த நேரத்தில் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். போலீஸ்காரன் கை வெறுமையாக வந்ததும் உங்கள் கண் ஏன் என்னிடம் வந்தது என்று எனக்குப் புரிந்தது. பொட்டலம் அங்கே இல்லையென்றால் யார் கையில் இருக்கிறது, யார் எப்போது எடுத்துக் கொடுத்தது? உங்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஒன்றும் கிடைக்காவிட்டாலும் உங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சிரம்பானில் நாலு நாள் வைத்துத் தம்பியைப் பற்றிக் கேட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வள்ளி என்னிடம் இருந்தாள். வியாழக்கிழமை மழை தொடங்கியது. ஓட்டை முன்னைவிடப் பெரிது. ஒரு ஆண்பிள்ளை ஏணி பிடிக்க வரவில்லை; போலீஸ் கிழித்த கூரையைத் தைத்தால் தன்னையும் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று பயம். மாணிக்கம் வீட்டுக்கே இருட்டித்தான் வந்தார்.

நானே ஏறினேன். ஆணி வரிசையில் கால் வைத்தேன். நெளிந்த தகரத்தைக் கல்லால் தட்டி நிமிர்த்தி, மேல் ஓரத்தை உள்ளே சொருகினேன். ரப்பர் சீட் இரண்டாகக் கிழிந்திருந்ததால் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். உங்கள் வீட்டுப் பக்கம் சரியாக மூடியது. என் பக்கம் ஒரு முழம் போதவில்லை, அங்கே பாயை மடித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திரும்பி வந்தீர்கள். உதடு வீங்கியிருந்தது. வள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு, உங்கள் வாசலில் நின்று கூரையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"எதைத் தேடி புள்ள ஏறினே?"

பதில் என் வாயில் இருந்தது அக்கா. ஆனால் எனக்குப் பின்னால் வீட்டுக்குள் மாணிக்கம் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தால் அவரைக் காட்டிக் கொடுக்க வேண்டும். உங்கள் தம்பியின் எழுத்தை எரித்தது நாங்கள் என்றும் சொல்ல வேண்டும். "ஒழுகிச்சுக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதோடு போயிற்று. குழாயடியில் நான் வந்தால் நீங்கள் நகர்ந்தீர்கள். புது லயத்துக்கு மாறும்போது வேறு கோடியில் வீடு கேட்டு வாங்கினீர்கள். இரண்டு வருடம் கழித்து ஆறுமுகத்திடமிருந்து கடிதம் வந்ததாம். அவர் காட்டுக்குள் போகவே இல்லை. முதல் வாரமே பிடித்து, பிறகு கப்பலேற்றிவிட்டார்கள். நாகப்பட்டினம் பக்கம் பிழைப்பு என்று எழுதியிருந்தாராம். அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லி நீங்கள் ரெம்பாவ் வரை பஸ் ஏறிப் போனீர்கள். நான் அதே தோட்டத்தில்தான் இருந்தேன்.

மாணிக்கம் என்னோடு இருபத்தொன்பது வருடம் வாழ்ந்தார். நல்லபடியாகத்தான் வைத்திருந்தார், நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஆனாலும் சொல்கிறேன். சாக்குப் பை ஆள் வந்த முதல் தடவை அவர் எனக்கு முன்னால் நடந்தார், நான் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை திடலில் கூட்டினார்கள். இரண்டு தடவையும் அவர் வரிசையில் இல்லை. புகைக்கூடத்தில் வேலை என்றார். அடுப்பை விட்டு வர முடியாது என்பது உண்மையாகவும் இருக்கலாம். பைக்குள் இருந்தது அவர்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குச் சோறு போட்டேன், கேட்காமலே கொள்ளி வைக்க அனுப்பினேன். இப்போது யாரிடம் கேட்பது?

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டது தப்பில்லை. பொட்டலத்தைப் பற்றி வாய் திறந்தவள் நான்தானே. ஆனால் நான் அதைப் போலீஸிடம் கொடுக்கவில்லை அக்கா. அந்தப் புத்தகத்தில் இருந்த ஒரு பெயரையும் யாரும் பிடிக்கவில்லை. அவர்கள் பேரன் பேத்தி எடுத்து இந்தச் சிரம்பானிலேயே இருக்கிறார்கள். அது உங்களால் நடந்தது. அதை உங்களிடம் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வள்ளியைப் பார்க்கப் போகிறேன். என் பெரிய மகனையும் அழைத்துக்கொண்டு போகிறேன். இதில் ஒரு வரி விடாமல், மாணிக்கத்தின் பெயரோடு சொல்வேன். அவன் அப்பாவைப் பற்றி அவன் உங்கள் மகள் முன்னால் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு இரண்டு பேரும் என்னை என்ன சொன்னாலும் சரி. சத்தியமாகப் போகிறேன் அக்கா.

இப்படிக்கு,
கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி
பாக்கியம்