‘பார்த்தாயிற்று’ என்று அழுத்தியது

மார்ச் 3
முப்பத்தெட்டு சர்வர்கள். ஒவ்வொன்றின் பாதுகாப்புச் சான்றிதழும் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று கண்காணிப்பது என் வேலை. தேதி தாண்டினால் ஆஸ்பத்திரிகளின் கணினிகள் எங்கள் சர்வரை நம்பாது. மருந்து ஆர்டர் ஒன்றும் வந்து சேராது. இன்று இரண்டைப் புதுப்பித்தேன். வியாழக்கிழமை அக்காவுக்கு ஆபரேஷன். நான் இல்லாத நாட்களில் ‘நெட்டை’ பார்த்துக்கொள்வான்; உயரத்துக்காக ஆபீஸில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவோம். நான்கு வருடமாகப் பக்கத்து மேசை.

மார்ச் 6
அக்கா உள்ளே போய் நான்கு மணி நேரம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 8
கண் விழித்தாள். "தலையைக்கூட வாரலையாடி?" என்றாள். அது போதும்.

மார்ச் 12
வேலைக்குத் திரும்பிய முதல் நாளே இடி. ஆர்டர் சர்வரின் சான்றிதழ் நேற்று மாலை ஐந்து மணிக்கே முடிந்திருக்கிறது. மறுநாளைக்கான ஆர்டர்கள் வருவதே மாலையில்தான். டயாலிசிஸ் மையத்து நர்ஸ் போனில் கத்தவில்லை, அதுதான் தாங்கவில்லை.
"மருந்து லோடு வரலம்மா. பதினோரு பேரைத் திருப்பி அனுப்பிட்டோம். ஒரு பெரியவர் மூச்சுத் திணறி ஐ.சி.யூ.ல இருக்கார்."
மேனேஜர் நெட்டையைப் பிடித்துக்கொண்டார். "நீதானே பாத்துக்கறேன்னு சொன்னே?"
"எனக்கு ஒரு எச்சரிக்கையும் வரல சார்."
யாரும் நம்பவில்லை. நானும் அவனைத் திட்டினேன்.

மார்ச் 13
எச்சரிக்கைப் பதிவைத் திறந்தேன். மார்ச் 6, காலை 11.40. என் போனுக்குத்தான் வந்திருக்கிறது. ‘பார்த்தாயிற்று’ என்று அழுத்தியவர் — நான். ஆபரேஷன் அறை வாசலில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்றால் போதும் என்று அழுத்தியிருக்கிறேன். அழுத்திவிட்டால் அப்புறம் யாருக்கும் போகாது. கிளம்பும் முன் எச்சரிக்கை போகும் இடத்தில் என் எண்ணுக்குப் பதிலாக நெட்டையின் எண்ணைப் போட மறந்ததும் நான்தான்.
ஐயோ.

மார்ச் 14
பதிவில் ஒரே ஒரு வரி. அழிக்கும் அதிகாரம் என்னிடம் மட்டும். அறிக்கையையும் என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். "திங்கக்கிழமை குடுத்துடும்மா. அவனை வச்சுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணணும்." அவன் குழந்தைக்கு மூன்று மாதம். அக்காவுக்கு இன்னும் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், என் வேலையின் காப்பீட்டில். எனக்கு வேலை போனா அவ எங்க போவா?

மார்ச் 15
அழிக்கும் இடம்வரை போனேன். ‘நிச்சயமாகவா?’ என்று திரை கேட்டது. மூடினேன். மறுபடி திறந்தேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 16
டயாலிசிஸ் மையத்து நர்ஸுக்குப் போன் போட்டுப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இன்னும் நினைவு வரல. நீங்க யாரு, சொந்தமா?"
இல்லை என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 17
அந்த வரியை அச்செடுத்து மேனேஜர் முன் வைத்தேன். நெட்டையும் இருந்தான்.
"எப்பத்துலேர்ந்து தெரியும்?"
"நாலு நாளா, சார்."
நெட்டை எழுந்து வெளியே போய்விட்டான்.

ஏப்ரல் 2
வேலை போகவில்லை. சர்வர் பக்கமே போகக் கூடாது. இனி வாடிக்கையாளர் போன் எடுக்கும் மேசை.
பெரியவர் போன வாரம் இறந்துவிட்டார். "ஏற்கெனவே ரொம்ப முடியாமத்தான் இருந்தார்," என்றார் நர்ஸ். அந்த நர்ஸ் நல்ல மனசுக்காரர். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மே 5
நெட்டை என் மேசைக்கு வந்தான். இந்த மாதச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்தான்.
"நான் பாத்துட்டேன். இனிமே ரெண்டாவது ஆள் பாக்காம அனுப்பக் கூடாதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க பாருங்க."
முன்பெல்லாம் ‘நீ’ என்பான். உட்காரவும் இல்லை.
முப்பத்தெட்டையும் விரல் வைத்து, வரி வரியாகப் பார்த்தேன். கீழே அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தான். போட்டேன்.