உறவில்லை என்று யார் எழுதுவது

ஜனவரி 12, திங்கள்

மழை விட்டபாடில்லை. எங்கள் விவசாயிகள் கொம்பனியின் இயக்குநர் சபை நெடுநேர விவாதத்தின் பின் ஏகமனதாகத் தீர்மானித்தது: இனிமேல் கூட்டங்களில் பிளாஸ்ரிக் கதிரைகள் வட்டமாகப் போடப்படும். முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் உபதலைவர். இரண்டு பேர் மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமலே கை உயர்த்தினார்கள். செயலாளராகிய நான் பதிந்தேன். வட்டத்தில் தலைவரின் இடம் எது என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

மற்ற விடயம், ஐந்து நிமிடம்: நெல் உலர்த்தும் இயந்திரத்துக்கு வங்கிக் கடன். புதிய படிவம் வந்திருக்கிறது. இயக்குநர்களுக்கிடையே உறவு உண்டா? வங்கி ஊழியரோடு உண்டா? அவர்களுக்கும் கொம்பனிக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டா? கொழும்பில் பெரிய கொம்பனிகள் விழுந்ததால் வந்த கேள்விகளாம். அங்கே விழுந்தால் வவுணதீவில் படிவம் நீளும்.

வரும் வழியில் பூமணி அக்கா. பங்குதாரர், எங்கள் வட்டை வயல்வெளியில் மூன்று ஏக்கர். அறுத்த நெல் முளைக்கத் தொடங்கிவிட்டது. வியாபாரி ஈரம் ஈரம் என்றே விலையைக் குறைக்கிறான்.

"மெசின் எப்ப புள்ள வரும்?"

"படிவம் வந்திரிக்கு அக்கா."

"படிவத்தில நெல்லுக் காயுமா?"

13, செவ்வாய்

மழை. படிவத்தின்படி உறவு என்றால் மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர். அவ்வளவுதான். ஐந்து பேரும் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டால் வேலை முடிந்தது. சட்டப்படி உண்மையும்கூட.

எழுத மறுத்தார்கள்.

தலைவர் கணபதிப்பிள்ளை (கூட்டத்தில் "தலைவர்", படியிறங்கினால் எனக்கு மாமா) பேனையை மூடிவிட்டார். "தங்கவடிவேல் எனக்கு ஒண்டுமில்லையெண்டு எழுதச் சொல்றியா புள்ள? ரெண்டு பேரும் ஒரே குடி. அவன்ர தாய்ர செத்த வீட்டில முன்னுக்கு நிண்டவன் நான்."

உபதலைவர் தங்கவடிவேல்: "எழுதுங்க அண்ணன். மறுகா கோயில்ல எந்த முகத்தோட என்னைப் பாக்கிறீங்களெண்டு பாப்பம்."

குடி என்பது தாய்வழி வரும் குலம். படிவம் எழுதியவருக்குத் தாய் இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இணைப்பு "அ": சகல உறவுகளும், கிளை கிளையாக. சாயங்காலம் வரை. தாள் போதவில்லை. நான் எனக்கே தூரத்துச் சித்தி முறை என்று ஓரிடத்தில் வந்தது, அடித்துவிட்டேன்.

16, வெள்ளி

பொங்கல் முடிந்து வங்கி திறப்பு. கிளை முகாமையாளர் இணைப்பை வாசித்தார். முதற் பக்கத்தில் சிரிப்பு. பிறகு இல்லை.

"இதில என்ர பேர் இரிக்கே."

"ஓம் சேர். மண்டூர் வழி. தலைவர்ர பெரியம்மாட பேத்தியத்தான் நீங்க கலியாணம் முடிச்சிருக்கீங்க."

"அத ஏன் எழுதினீங்க?"

"கேட்டிருந்தது."

இந்தக் கடன் கோவையைத் தான் கையாள முடியாது என்று எழுதி ஒதுங்கினார். வேறு வழியில்லை, கையில் ஆதாரம். விடைபெறும்போது முதல்முறையாக என்னைத் "தங்கச்சி" என்றார்.

கோவை இப்போது ரோஸ்லின் மிஸ்ஸிடம். பட்டினத்துப் பறங்கியர், போர்த்துக்கேய வழி. கிளையில் குடி இல்லாதவர் அவர் ஒருவர்தான். மாமாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. "ஒரு சொந்தமும் இல்லாத ஆள் நமக்கு என்னத்துக்குச் செய்யப்போகுது?"

இயந்திரம் தை கடந்து வந்தால் இந்தப் போகத்துக்குப் பயனில்லை. பூமணி அக்கா நெல்லைத் தார் றோட்டில் பரப்பியிருக்கிறார். பஸ் வந்தால் சாக்கால் மூடுகிறார்.

22, வியாழன்

கொஞ்சம் வெயில். உப்பு, பல்புகள், அம்மாவின் கண் மருந்து வாங்க வேண்டும்.

ரோஸ்லின் மிஸ் ஸ்கூட்டரில் பாலம் கடந்து வந்தார். இணைப்பு "அ" போல முழுமையான ஒன்றைத் தான் கண்டதில்லை என்றார். தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏழு தலைமுறை இரிக்கு ஐயா. லொறி எங்க?"

கணக்குப் புத்தகத்தில் கண்டிருக்கிறார்: ஒவ்வொரு அறுவடைக்கும் கொம்பனி நெல்லை ஏற்றுவது தலைவர் வீட்டு லொறி. வேறு எவரிடமும் விலை கேட்பதில்லை.

"லொறி என்ர இல்ல மிஸ். பொஞ்சாதிர. சீதனக் காசில எடுத்தது. வீடு, வளவு, வயல், எல்லாம் பொம்புளைப் புள்ளையளுக்குத்தானே இஞ்ச. எனக்கெண்டு இந்தச் சைக்கிள்தான்."

பொய்யில்லை. சத்தியமாக நம்பியே சொன்னார்.

"வாடகைச் செக் ஆர்ர பேரில?"

"அது... என்ர பேரில."

மிஸ் எழுதிக்கொண்டார். "அப்ப உரிமையாளரிட்ட விலை கேளுங்க. வேற ரெண்டு பேரிட்டயும் கேளுங்க. மூடின உறையில. திறக்கக்குள்ள நீங்க வெளியில நிக்கோணும். இவ்வளவும் நடந்தா நான் கையெழுத்து வைப்பன்."

தங்கவடிவேல் என்னிடம் மெதுவாக: "சொந்தம் இல்லாட்டியும் மனிசி நம்மட வீட்டுக்குள்ளயே வந்திட்டுது."

23, வெள்ளி

மாமா காலையில் பதவி விலகினார். மத்தியானச் சாப்பாட்டின் பின் விலகலை வாபஸ் பெற்றார்.

இடையில் நடந்தது: விலைகோரல் கடிதத்தோடு மாமியிடம் போனேன். கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"லொறி என்ர எண்டு ஆரு சொன்ன?"

"மாமாதான். வங்கிக்கு."

"எழுத்திலயா?"

"எழுதிக்கொண்டு போயிட்டாங்க மாமி."

மாமி கை கழுவிக் கடிதத்தை வாங்கினார். இரண்டு தரம் வாசித்தார். "டீசல் எவ்வளவு போகுமெண்டு இவரிட்டக் கேக்கோணும்." கொஞ்சம் யோசித்தார். "வேணாம். லொறி றைவரிட்டயே கேக்கிறன்."

முற்றத்திலிருந்து, பத்திரிகைக்குப் பின்னாலிருந்து மாமா: "நான் விலகிட்டன், தெரியுமா?"

"விலகினா நாள் முழுக்க வீட்டிலயா இருக்கப்போறீங்க? சோறு ஆறுது, வாங்க."

பெப்ரவரி 2, திங்கள்

மூன்று உறைகள். தலைவர் வெளியே, வேப்பமரத்தடியில், முதுகைக் காட்டிக்கொண்டு. தங்கவடிவேல் பிரித்தார். ஏறாவூர்க்காரர் ஒருவர், தன்னாமுனைக்காரர் ஒருவர், மாமி. மிகக் குறைவு மாமியுடையது. கொம்பனி சென்ற போகத்தில் தலைவருக்குக் கொடுத்ததைவிடவும் நன்றாகக் குறைவு. எவரும் வெளியே பார்க்கவில்லை.

தீர்மானம்: லொறி மாமியுடையது, மாமியின் விலைக்கு. மூன்று மணிக்கு ரோஸ்லின் மிஸ்ஸின் தொலைபேசி. கடன் சரி.

9, திங்கள்

தூறல். இயந்திரம் வந்து பொருத்தியாயிற்று. ஆறு பேர் பிடித்தார்கள், பன்னிரண்டு பேர் கட்டளையிட்டார்கள். மாமாவே விசையைத் தட்டினார்; தலைவர் உரை இல்லை. முதலில் பூமணி அக்காவின் நெல், போன கிழமை அறுத்த மிச்ச ஏக்கருடையது. வியாபாரி ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பார்த்தான். இன்னொரு பிடி. ஈரம் என்ற சொல் வரவில்லை.

"நல்லாக் கடி தம்பி. பல்லுப் போனா நான் பொறுப்பில்ல," என்றார் அக்கா. அவர் கேட்ட விலைக்கே எடுத்தான்.

லொறி வாடகைக்கு முதற் காசோலை எழுதினேன், மாமியின் பேரில். மாமிக்கு வங்கிக் கணக்கு இல்லை. நாளை திறக்கப் போகிறார். மாமா சைக்கிளில் ஏற்றிப் போகிறார்.